நம்பிக்கை எண்

“குப்பை. இருபது பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை” என்று எழுதியிருந்தார் ஒரு வாசகர். அதன் கீழே அவருடைய மோதிரம் பதிந்த விவரம் இருந்தது. புத்தகத்தை மூன்று முறை முழுதாகப் படித்தவர். நம்பிக்கை எண் தொண்ணூற்று நான்கு.

புத்தகத் தளத்துக்கு வரும் கருத்துகளைச் சரிபார்க்கும் ஞானாம்பிகை அதை வெளியிட ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்த கருத்துக்குப் போனாள். காலையிலிருந்து வந்தவை எல்லாமே ‘பன்னிரண்டாம் சுவடி’ என்ற அந்த ஒரே நாவலைப் பற்றியவை.

கூலிக்குக் கருத்து எழுதும் கூட்டம் பெருகிய பிறகுதான் அகமோதிரம் வந்தது. அதை அணிந்து படித்தால், இரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் வைத்து, உடம்பு அந்தப் பக்கத்தைக் கதையாக எடுத்துக்கொண்டதா உண்மையாக எடுத்துக்கொண்டதா என்று நூற்றுக்கு இத்தனை என்ற நம்பிக்கை எண்ணாகச் சொல்லிவிடும். மோதிரப் பதிவு இல்லாத கருத்தை இப்போது எந்தப் புத்தகத் தளமும் ஏற்பதில்லை.

நாவல் ஆலங்கரை மடத்தைத்தான் பெயர் மாற்றிச் சொல்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. மடத்தை நிறுவிய அடிகளின் பாடல்களை உண்மையில் பாடியவள் ஓர் ஓடக்காரி; அதைச் சொல்லும் சுவடியை ஒளித்து, அவளைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள்; நானூறு ஆண்டுகளாக ஓர் இரகசியக் குழு அந்தச் சுவடியைக் காத்து வருகிறது. இதுதான் கதை. ஞானாம்பிகை அதைத் தொடவில்லை. அவளும் அண்ணனும் மடத்துச் சோற்றில் வளர்ந்தவர்கள். தன் விரல் என்ன சொல்லிவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் அம்பலவாணன் நேரே அவள் அறைக்கு வந்தான். அவன் மடத்தின் மேலாளர். உட்காரவில்லை. கருத்துத் தீர்ப்பாயத்தின் ஆணையை மேசைமேல் வைத்தான். மடத்துப் பணியாளர்களில் அந்த நாவலைப் படித்தவர்களின் எண்களைப் பெயரோடு மடத்துக்கு அனுப்ப வேண்டும். கெடு மாலை நாலு மணி.

“எதுக்கு இது?” என்றாள்.

“சன்னிதானம் உத்தரவு. எண்பதுக்கு மேல போனவன் அந்தப் பொய்ய நம்பிட்டான்னு அர்த்தம். அவனுக்கு மடத்துல வேலையில்ல.”

“கதை படிச்சதுக்கா?”

“படிச்சதுக்கு இல்ல ஞானம். நம்புனதுக்கு.”

அவள் பட்டியலைத் திரட்டினாள். முப்பத்து நான்கு பேர் திரையில் வந்தார்கள். முப்பத்தொருவர் எண்பதைத் தாண்டியிருந்தார்கள். சமையற்காரர், நூலகர், யானைப்பாகன். முதல் பெயரைப் பார்த்ததும் அம்பலவாணன் உள்ளங்கையால் திரையை மறைத்தான்.

“இந்தப் பேர நீ பாக்கலன்னு வச்சுக்க.”

பார்த்துவிட்டாள். மடத்தின் தலைவரான சன்னிதானத்தின் பெயர்தான் அது. எண் தொண்ணூற்றெட்டு. அவன் விரல்களுக்குக் கீழே இரண்டாவது பெயரும் தெரிந்தது. அவனுடையது. தொண்ணூற்று நான்கு.

“காலையில குப்பைன்னு எழுதுனது நீதானா அண்ணே?”

அவன் சன்னலருகே போனான், திரும்பினான், மறுபடி போனான். “நான் நம்பலம்மா. உண்மையா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். ஒவ்வொரு பக்கத்துலயும் அதே பயம். அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

“மோதிரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே.”

“என் பேர எடுத்துடு. எத்தனையோ வருசம் உழைச்சிருக்கேன்.”

“ஒரு பேர எடுத்தா மொத்தமும் செல்லாது. எனக்கு ஜெயில்.”

அவன் போனபின் அவளால் ஒரு கருத்தைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மடத்து மண்டபத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். அவளும் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். அண்ணன் கையில் இராஜினாமாக் கடிதம் இருந்தது. சன்னிதானம் நிதானமாகப் பேசினார்.

“அடிகள்மேல் இவ்வளவு பெரிய அபாண்டம். அதைப் படிக்கையில் முப்பத்தொரு பேருடைய உள்ளம் பதறியிருக்கிறது. மடத்தின்மேல் பற்று உள்ளவனுக்குத்தான் அப்படிப் பதறும். பதறாத மூவர் இனி மடத்துக்கு வேண்டாம்.”

அந்த மூவரில் ஒருவர் ஓதுவார் வன்மீகநாதன். முப்பது ஆண்டுகளாக அடிகளின் பாடல்களைப் பாடியவர். எண் நான்கு. பேருந்து நிறுத்தத்தில் துணிப்பையோடு நின்றவரை ஞானாம்பிகை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“ஐயா, உங்களுக்குப் படிக்கும்போது ஒண்ணுமே தோணலையா?”

“ஏன் தோணாது? நல்லா விறுவிறுன்னு போச்சு. அந்தச் சுரங்கப்பாதையில ஓடுற இடம் ரொம்ப ஜோர்.” பையைத் தோள் மாற்றிக்கொண்டார். “கதைதானேம்மா. யாரு பாடியிருந்தா என்ன, பாட்டு பாட்டுதானே. இதுல பயப்பட என்ன இருக்கு?”

பேருந்து வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

அந்த மாதமே மடத்துக் காலியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பிப்பவர்கள் ‘பன்னிரண்டாம் சுவடி’யை மோதிரத்தோடு படித்திருக்க வேண்டும், நம்பிக்கை எண் எண்பதுக்குக் குறையக் கூடாது. நாவல் ஏழாம் பதிப்பைத் தொட்டது. மடத்துப் பிள்ளைகள் தோட்டத்தில் உட்கார்ந்து, அதை நம்பிப் பழகினார்கள். “இப்போது எனக்கு உண்மையாகவே நடுங்குகிறது” என்று ஒருவர் நன்றியோடு கருத்து எழுதியிருந்தார்.

பிறகு ஒரு பிற்பகலில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் அவசரத்தில் இருந்தது.

“பொறுப்புல இருக்கறவங்க வீட்டாளுங்க எண்ணும் வேணுமாம். உன்னுது மட்டுந்தான் பாக்கி. நாளைக்குள்ள படிச்சிடு ஞானம். என் வேலை உன் விரல்லதான் இருக்கு.”

அவள் கதவைச் சாத்திவிட்டு மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். முதல் அத்தியாயம் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாவதில் அடங்கியது. மூன்றாவதில், சுவடியைத் திருட வந்தவன் மடத்து யானையிடம் மாட்டிக்கொண்ட இடத்தில், அவளை அறியாமல் சிரித்துவிட்டாள். எண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு.

இத்தனை நாள் இதற்கா பயந்தோம் என்று ஒரு கணம் லேசாக இருந்தது. அடுத்த கணம் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது.

எழுந்து அறைக்குள் நடந்தாள். மறுபடி உட்கார்ந்து, ஓடக்காரி சாகும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவளுக்கு ஒரு முகம் கொடுத்தாள், ஒரு குரல் கொடுத்தாள். பாசி படிந்த தண்ணீர். வாய்க்குள் போகும் தண்ணீர். படிக்கட்டில் அசையாமல் நின்று பார்க்கும் காவி வேட்டிகள். இது நடந்தது, இது நடந்தது என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. எண் நாற்பத்தொன்றில் இருந்தது. ஏறிக்கொண்டிருந்தது.