பதினான்காம் மனையின் சொந்தக்காரி

"என் வீடு எங்க?"

மூன்றாம் கவுண்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் இப்படித்தான் ஆரம்பித்தாள். வணக்கம் இல்லை, டோக்கன் இல்லை. முன்நெற்றி முடியிலிருந்து மழைத்தண்ணீர் மட்டும் ஒழுங்காக வரிசையில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இருந்த இடத்துலதான் மேடம் இருக்கும். நாங்க வீட்டையெல்லாம் எடுத்து பீரோவுல வெச்சுக்கறதில்ல" என்றான் அட்டவணை.

அது அவன் பெயரில்லை, வேலை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் மனை எண், விற்றவர், வாங்கியவர் என்று கணினி அட்டவணையில் ஏற்றுவது அவன் பொறுப்பு. அவன் ஏற்றினால்தான் தேடுபவருக்குப் பத்திரம் கிடைக்கும்.

"நக்கலா? போன வாரம் உங்க ஆபீஸ்லதான் உரிமைச் சான்று வாங்கினேன். படிச்சுப் பாருங்க."

காகிதம் கண்ணாடிக்கு அடியில் நுழைந்தது. அவன் அதைப் பார்ப்பதற்குப் பதிலாக அவள் கண்களைப் பார்த்துவிட்டான்... கருகருவென்று, கோபத்தில் பளபளத்து, இமை ஓரத்தில் இன்னும் ஒரு துளி மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு... அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இதற்கெல்லாம் இடமில்லை என்பது நினைவுக்கு வர, காகிதத்துக்கு இறங்கினான்.

மனை எண் பதினான்கு. மாடி வீடு. தற்போதைய உரிமையாளர்...

தூக்கிவாரிப் போட்டது. அங்கே இருந்தது அவன் அம்மாவின் பெயர்.

"எங்கப்பா எனக்கு எழுதிக் கொடுத்த வீடு சார். கீழ டே கேர் நடத்தறேன். பதினோரு பிள்ளைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சான்று குடுக்கலன்னா உரிமம் ரத்து... யாரு சார் இந்தம்மா?"

"வி... விசாரிக்கறேன்" என்றான்.

ஆவண அறைக்குள் ஓடி, ஆறு வருடத்துக்கு முந்தைய தொகுதியை இறக்கினான். அம்மாவின் பத்திரம். அம்மா வாங்கியது அதே குடியிருப்பின் மறுகோடியில் நாற்பத்தொன்றாம் மனை. முள்செடியும் இரண்டு ஓணான்களும் வசிக்கிற வெறும் நிலம். பத்திரத்தில் சரியாக நாற்பத்தொன்று என்றே இருந்தது. அட்டவணையில்தான் பதினான்கு. ஏற்றியவர்: அவன்.

அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. ஒரே பத்திரத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி சிவப்பாகக் கத்தும். தன் உறவினர் பத்திரமென்றால் தொடவே கூடாது. ஆனால் அன்றைக்கு... அம்மா முதன்முதலாக நிலம் வாங்கிய சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அவனே ஏற்றினான். இரண்டாவது ஆள் விடுப்பிலிருந்தார். அவருடைய கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். அதிலும் நுழைந்து, முதலில் தட்டியதைப் பார்த்தே மறுபடியும் தட்டினான். தன்னைத் தானே சரிபார்த்து, தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டான்.

இப்போது முகத்தில் ஈயாடவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இரண்டாவதாக இருந்தது.

கவுண்டருக்குத் திரும்பினான். அவள் கண்கள் காத்திருந்தன.

"எண் மாறியிருக்கு. திருத்திடலாம்."

"யாரு மாத்தினது?"

"...கணினி."

பாவம், கணினி. அது மறுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை தன் பத்திரத்தோடு வந்தாள். புதன்கிழமை வரி ரசீதோடு வந்தாள். யார் தட்டியது என்று எழுதித் தராமல் திருத்தப் பதிவு நடக்காது என்பதால், அவன்தான் ஏதாவதொரு காகிதத்தைக் கேட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உங்க கணினி இன்னிக்காவது கண்ணாடி போட்டுக்கிச்சா?" என்று கேட்டாள். சிரித்தபோது கண்களும் சேர்ந்து சிரித்தன.

"ஆர்டர் குடுத்திருக்கு மேடம்."

"என் வீட்ட அமுக்கின அந்தம்மாவ மட்டும் ஒரு நாள் நேர்ல பாக்கணும். நாலு கேள்வி நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கணும்."

"வயசானவங்களா இருக்கும்... விட்டுடுங்க."

"நீங்க ரொம்ப நல்லவருங்க" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் வாயை விட்டான்.

"மாடி வீடாடா?"

"அம்மா! அது நம்ம வீடில்ல!"

"யாருடா நம்ம வீடுன்னா? மேல எத்தன ரூம்னு கேட்டா குத்தமா?"

கேட்டதோடு அம்மா நிறுத்திக்கொள்ளவில்லை என்பது வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது. கவுண்டருக்கு முன்னால் அவள் நின்றாள். இன்றைக்குக் கண்களில் சிரிப்பு இல்லை.

"உங்கம்மா வந்தாங்க."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"பிள்ளையச் சேக்க வந்தவங்கன்னு நினைச்சு வீட்டையே சுத்திக் காட்டினேன். சமையல் மேடை கொஞ்சம் உயரம்னு குறை வேற சொன்னாங்க. போறப்ப, 'எம்புள்ள தப்பாத் தட்டிட்டான்மா, நல்ல பையன்தான், கோவிச்சுக்காத'ன்னாங்க..." குரல் உடைந்தது. "கணினின்னு சொன்னீங்களே! உங்கம்மா பேருக்கு என் வீட்ட மாத்தி வெச்சுட்டு, மூணு நாளா என்கிட்ட சிரிச்சுப் பேசினீங்களா? திருட்டா, பயமா... எது?"

"பயம்" என்றான்.

"நாளைக்குப் பதினோரு பிள்ளைங்களையும் நான் எங்க அனுப்பட்டும்?"

பதிலுக்குக் காத்திராமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். குடையைக்கூட விரிக்கவில்லை.

அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். 'என் தாயாரின் பத்திரத்தை விதிக்கு மாறாக நானே ஏற்றினேன். அடுத்தவரின் கடவுச்சொல்லில் நுழைந்து நானே சரிபார்த்தேன். பிழை என்னுடையது. கணினியுடையது அல்ல.' கையெழுத்துப் போட்டுப் பதிவாளர் மேசையில் வைத்தான்.

படித்த பதிவாளர் பேயறைந்தவர் போல நிமிர்ந்தார். "ஏன்யா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எண் தப்பாத் தட்டிட்டேன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருந்தா நானும் கண்ண மூடிட்டு விட்டிருப்பேனே. கடவுச்சொல் கதையெல்லாம் எவன் கேட்டான்? பதவி உயர்வு போச்சு. அட்டவணைப் பக்கமே நீ இனி வர முடியாது."

"இன்னிக்கு மறைச்சா, இதே மாதிரி இன்னும் எத்தன வீடு மாறிக் கிடக்குன்னு யாரும் தேட மாட்டாங்க சார்."

பதிவாளர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள். அதுவே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அதிர்ச்சி. பதினான்காம் மனைக்காரி அடுத்த கட்டத்தில் கையெழுத்திட்டாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினான்கு அவளுக்குத் திரும்பியது. ஓணான்கள் அம்மாவுக்கு.

பதினோரு மணிக்குச் சான்றின் நகலை அவனேதான் அவளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. முத்திரை வைக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

வாங்கிக்கொண்டு திரும்பியவள் நின்றாள்.

"நீங்க எழுதிக் குடுத்தத பதிவாளர் காமிச்சாரு. அவ்வளவும் எழுதணும்னு அவசியமில்லையாமே..."

"அவ்வளவும் செஞ்சேனே."

மழை தகரக் கூரையில் தடதடத்தது. அவன் முத்திரையைக் கீழே வைத்தான். இனி பறிபோவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தைரியம்தான்.

"இன்னொண்ணு இருக்கு... அது எழுத்துல வராது. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன். உங்க வீடு எங்கம்மா பேர்ல இருக்கறப்ப சொன்னா... அதுக்குப் பேரு காதல் இல்லீங்க, மிரட்டல்."

அவள் திகைத்துப்போனாள். இமைகள் ஒரு தரம் படபடத்து நின்றன. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் சொத்தையெல்லாம் மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அவள் நகலை மெதுவாக விரித்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இப்ப வீடு யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல."

"அப்ப உங்களுக்கோ உங்கம்மாவுக்கோ பயப்படாம... முடியாதுன்னு நான் தாராளமாச் சொல்லலாம்?"

"த... தாராளமா."

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை நெருங்கி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சொல்லலாம்... ஆனா சொல்ல வரலியே."