மீன்பல்லியின் தலை

“இன்னும் ஒரு நாள்தான் இருக்கு! நாளைக்குக் காலமை ஹெலிகொப்டர் வந்திடும். அதுக்குள்ள தலை வேணும்!”

தர்மினி இப்படிக் கத்தியபோது கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர். மூவரும் நோர்வேக்கும் வடக்கே, ஸ்பிட்ஸ்பேர்கன் தீவின் மலைச்சரிவொன்றில் இருபத்தாறு நாளாகச் சேற்றோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். துருவத்துக் கோடைச் சூரியனோ மறையவே மாட்டேன் என்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. மனிதர் எப்போதுதான் தூங்குவது!

அந்தச் சரிவு ஒரு காலத்தில் கடலடி. பதினைந்து கோடி வருஷத்துக்கு முன் அங்கே நீந்திய மீன்பல்லி ஒன்று கல்லாகிக் கிடந்தது. பார்வைக்கு மீன் மாதிரி, ஆனால் ஊர்வன இனம். மூன்று கோடையில் வால், முதுகு, விலா எல்லாம் கிடைத்துவிட்டன. தலையை மட்டும் காணோம். தலையில்லாமல் அது என்ன இனம் என்று சொல்ல முடியாது. பெயரில்லாமல், வெறும் இலக்கத்தோடு அருங்காட்சியகத்தின் நிலவறையில் போய்க் கிடக்கும். தோண்டும் அனுமதியும் இந்தக் கோடையோடு சரி. எலும்பாராய்ச்சிக்காரியான தர்மினிக்கு வயது நாற்பத்தெட்டு, முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒரு விலங்குக்காவது தன் கையால் பெயர் வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

“சரிவில மேல்நோக்கி இருபது மீற்றர் தோண்டியாச்சு, தர்மினி,” என்றார் ஜெயசீலன். நோர்வேயின் வடகரையில் மீன் தொழிற்சாலையில் இருபது வருஷம் உழைத்தவர், இப்போது துவக்கும் தோட்டாவுமாகப் பனிக்கரடிக் காவல். “கரடி வந்தாலும் எங்களைக் கடிக்காது. பாவமெண்டு இரக்கப்பட்டுப் போயிடும்.”

“முதுகெலும்பு மேல்பக்கமாத்தான் போகுது, சீலண்ணை. தலையும் அங்கதான் இருக்கவேணும்!”

“மூண்டு வருஷமா இதைத்தானே சொல்லுறீர்!”

தர்மினிக்குச் சுள்ளென்று ஏறியது. கையிலிருந்த சுத்தியலைச் சரிவில் வீசி எறிந்தாள். அது காற்றில் ஒரு கரணம் போட்டுச் சேற்றில் ‘சதக்’கென்று விழுந்தது. இரும்புத் தலை புதைந்துவிட, பிடி மட்டும் மேலே நின்றது.

“கோவத்தைச் சுத்தியலிலயா காட்டுறது? அது என்ன செய்தது?” என்று முணுமுணுத்தபடி எடுக்கப் போனாள் நிரோஜா. எலும்புகளுக்குச் சாக்குத்துணியும் பிளாஸ்டரும் சுற்றிக் கட்டுவது அவள் வேலை.

“எடுக்காதை!”

தர்மினி கால் தாங்கித் தாங்கி ஓடிவந்தாள். நிற்கும் பிடியை வெறித்துப் பார்த்தாள். பாரமான தலை முதலில் போகும்! செத்த மீன்பல்லியும் அப்படித்தானே இறங்கியிருக்கும்? மெத்தென்ற கடல் சேற்றில் தலை செங்குத்தாகக் குத்தியிருக்கும், உடம்பு பிறகு சாய்ந்திருக்கும்! கழுத்துப் பக்கத்துக் கடைசி மூன்று முள்ளந்தண்டெலும்பும் கீழ்நோக்கி வளைந்திருந்ததை முதல் வருஷமே கண்டவள் அவள்தான். ‘உறைபனி தள்ளியதால் வந்த வளைவு’ என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு மூடிவிட்டாள்.

“ஐயோ, என்ர மடத்தனம்! தலை மேல இல்லை. கீழ! அந்த மூண்டு எலும்புக்கும் நேர் கீழ!”

“கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கிறம்,” என்று நிலத்திலேயே குந்திவிட்டார் சீலண்ணை. பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்தார். வேறென்ன செய்வது!

ஒரு முழத்துக்குக் கீழே நிலம் இரும்பாக உறைந்திருந்தது. உளி துள்ளியது, கை கன்றியது. ஒருவர் தோண்ட, ஒருவர் மண்ணள்ள, ஒருவர் கரடி பார்க்க, முறைமாறி முறைமாறி ஒன்பது மணித்தியாலம்! பசியில் நிரோஜாவுக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் கறுத்த கல்லில் சோற்றுக் கோப்பை அகலத்துக்கு ஒரு எலும்பு வளையம் தெரிந்தது.

“அக்கா... இது கண்ணா?”

கண்ணேதான்! அதற்குக் கீழே நீண்ட தாடை, செங்குத்தாக, பல்லோடு. தர்மினி அதில் கன்னத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள்.

“அழுறதைப் பிறகு பாருங்கோ. கடைசி காஸ் சிலிண்டர் இது,” என்றாள் நிரோஜா. “சுடுதண்ணி இல்லாட்டி இந்தக் குளிரில பிளாஸ்டர் இறுகாது. அதைச் சுடவைச்சா சோறில்லை.”

“பிளாஸ்டர்!” என்றன இரண்டு குரல்கள்.

பச்சை நூடுல்ஸைக் கடித்துக்கொண்டு தலைக்குக் கட்டுப்போட்டார்கள். கடைசிச் சாக்குத்துணி காயுமுன்னே வானொலி கரகரத்தது. பனிமூட்டம் வருகிறதாம், ஒரே ஒரு பயணம்தான் முடியுமாம். எலும்பு முழுவதையும் தூக்கினால் ஆட்களை ஏற்ற முடியாது. ஆட்களை ஏற்றினால் தலை இங்கேதான்.

தர்மினி தன் முழங்காலைப் பார்த்தாள். படகு வரும் கரைக்கு முப்பது கிலோமீற்றர்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஏறுங்கோ, நான்...”

“விசர்க்கதை கதையாதேயும்!” என்று சீறினார் சீலண்ணை. “அது பறக்கட்டும். நாங்கள் நடப்பம்.”

காலையில் ஹெலிகொப்டர் எலும்போடு பறக்க, இவர்கள் நடந்தார்கள். வழியில் கடந்த ஆறுகளின் குளிர் எலும்பைத் துளைத்தது. பாதி வழியில் தர்மினியால் முடியாமல் போக, சீலண்ணை அவள் மூட்டையையும் சுமந்தார், நிரோஜா தோள் கொடுத்தாள். இரண்டாம் நாள் மாலை கரைக் குடிசையை அடைந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விழுந்தார்கள்.

மறுநாள் படகில் ஏறியதும் நிரோஜாவின் போனுக்கு உயிர் வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து செய்தி. அவள் நோர்வே மொழியை வாசித்துத் தமிழில் சொன்னாள்:

“தலை உடையாமல் வந்து சேர்ந்ததாம். தாடையில ஒரு பக்கம் திறந்து பாத்தவையாம். இப்பிடிப் பல்வரிசை இதுவரைக்கும் ஒருத்தரும் காணேல்லையாம்! இலக்கம் போடாமல் வைச்சிருக்கினமாம். பேர் என்னெண்டு உங்களைக் கேக்கினம், அக்கா!”

சீலண்ணை தொப்பியைக் கடற்காற்றில் எறிந்து “அடி சக்கை!” என்று கூவினார். தொப்பி போயே போய்விட்டது.

எதில் நாம் அசையாத உறுதியாக இருக்கிறோமோ, அதன் அடியிலும் ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும். மூன்று கோடையும் ஆறு கையும் தேய்ந்து கற்ற பாடம் இவ்வளவுதான்.

“சொல்லுங்கோ அக்கா, என்ன பேர்?”

தர்மினி அதற்குள் மீன்வலைக் குவியலில் சாய்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு, கண் மட்டும் திறக்க மறுத்தது.

“பதினைஞ்சு கோடி வருஷம் பேரில்லாமல் கிடந்தது. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும். நான் படுக்கப் போறன்.”