முப்பத்தாறு கம்பிச் சக்கரம்

செவ்வாய்க் கிரகத்தில் சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள். திருமேனிநாதனும் அப்படித்தான் மகள் நப்பின்னையுடன் லூர்தம்மாள் கடைக்குள் நுழைந்தார். உட்கார நாற்காலி, குடிக்கக் காபி, எதிரே வரிசையாக மூன்று சைக்கிள்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

செவ்வாய்க் குளிரில் உலோகம் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். அதனால் ஒவ்வொரு சைக்கிள் சட்டகத்திலும் ஓர் உணர்சில்லு பதித்தார்கள். எங்கே வலிக்கிறது என்று வண்டியே வாய் திறந்து சொல்லிவிடும். பேசுகிற பொருளைக் கேட்காமல் அதில் துளை போடலாமா என்று சிலர் கொடி பிடிக்க, பொறிச் சம்மதச் சட்டம் வந்தது. மோட்டார் பொருத்த வேண்டுமானால் சைக்கிள் சம்மதிக்க வேண்டும். இதுவரை எந்தச் சைக்கிளும் மறுத்ததாகத் தகவல் இல்லை. யாரும் முகம் பார்த்துக் கேட்டதாகவும் தகவல் இல்லை.

திருமேனிநாதன் பள்ளக் குடியிருப்பிலிருந்து மேட்டு விடுதிக்குப் பதினாறு வருடமாக இட்லி மாவு கொண்டுபோகிறவர். செவ்வாயில் எடை குறைவு என்பார்கள். மாவுப் பாத்திரத்தோடு மேட்டில் மிதித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முழங்கால்கள் இரண்டும் கையை விரித்துவிட்டன. மோட்டார் தயார். அதைத் தாங்கும் சைக்கிள் திங்கட்கிழமைக்குள் அமையாவிட்டால் விடுதிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பளபளவென்று நின்ற முதல் சைக்கிளில் அவருக்கு மனசு விழுந்துவிட்டது.

“அது அலுமினியம்ப்பா. மோட்டார் அதிர்வுல கழுத்து விட்டுரும்,” என்றாள், பழுதுக்கூடத்தில் வேலை பார்க்கும் நப்பின்னை. அடுத்ததற்குப் பிரேக் சரியில்லை. கடைசியில் நின்ற கறுப்பு வண்டியைக் காட்டினாள். “இதான் எஃகு. பின்சக்கரத்துல முப்பத்தாறு தடிக் கம்பி.”

திருமேனிநாதன் விசாரணையை ஆரம்பித்தார்.

“இதுக்கு முன்ன எத்தன பேரு ஓட்டுனாவ?”

“ஒரு தபால்காரர் மட்டும்தான், ஐயா,” என்றது வண்டி மெதுவாக.

“அப்பறம் ஏன் இத்தன நாளா யாரும் எடுக்கல?” வண்டி அங்கே இல்லாததுபோல லூர்தம்மாளிடம் கேட்டார். “கொஞ்சம் உருட்டிக் காட்டுங்க. கோணுதான்னு பாக்கணும்.”

உருட்டிக் காட்டினாள். மணியையும் அடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். “குரலு கொஞ்சம் கட்டைதான். நிறமும் கம்மி. போகட்டும், பெயிண்ட் அடிச்சுக்கிடலாம்.”

“ஐயா, நானும் கேக்கலாமா?” என்றது வண்டி.

லூர்தம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“முன்னாடி எத்தன வண்டி வச்சிருந்தீங்க?”

“மூணு.”

“அதெல்லாம் இப்ப எங்க?”

திருமேனிநாதன் லூர்தம்மாளிடம் பெயிண்ட் விலையை விசாரித்தார்.

“சரி. கொஞ்சம் நடந்து காட்டுங்க. முழங்கால் எப்படின்னு பாக்கணும்.”

திருமேனிநாதன் நடந்தார். முழங்கால் ‘கடக்’ என்றது கடை முழுக்கக் கேட்டது. “யோசிச்சு ஞாயித்துக்கெழம சொல்லி அனுப்புதேன்,” என்றது வண்டி.

தெருவுக்கு வந்ததும் அவர் பொருமித் தள்ளிவிட்டார். “நாலு பேரு முன்னால ஒரு மனுசன இப்படியா நடக்க விடுவாவ? மானமே போச்சு!”

நப்பின்னைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒரு தடவைக்கேவாப்பா? பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நான் பதினோரு தடவ நடந்திருக்கேன். ஒவ்வொரு தடவயும் நீங்கதான ‘கூச்சப்படாம நடம்மா’ன்னு சொன்னிய?”

ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் எழுந்து ஓடினார். வண்டி மறுத்துவிட்டால் தொழில் போகும் என்ற பயத்தைவிட, தன்னிடம் என்ன குறை கண்டுபிடித்திருக்கும் என்ற நினைப்புதான் அவரை அதிகம் அரித்தது.

மாலையில் சேதி வந்தது. வண்டிக்குச் சம்மதம். மகளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். முழங்கால் வலி ஞாபகமே வரவில்லை.

தொலைபேசி மறுபடி ஒலித்தது. வடதுருவக் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம், வெள்ளிக்கிழமை நப்பின்னையைப் பார்க்க வரலாமா என்று கேட்டது. திருமேனிநாதன் மகள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவர் முழுசாகத் திருந்திவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“தாராளமா வாங்க,” என்றார் உற்சாகமாக. “ஆனா இந்தத் தடவ நடந்து காட்டப் போறது உங்க பையன்!”