தண்ணீர் கலங்கினால்

ஏழு வாரம் ஆகியும் வாளியில் கிடந்த கற்கள் காயவில்லை.

வண்டி நிறுத்தும் அறைக்கு நல்ல கூரை, ஒழுகல் கிடையாது. வாளியின் அடியிலோ கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஆனாலும் ஐந்து கற்களும் அன்றைக்கு ஓடையிலிருந்து எடுத்த ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்ததுமே சேற்று வாடையும் ஊறிப்போன இலைகளின் வாடையும் மூக்கில் ஏறின. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

மகளுக்கு வீட்டில் பெயர் சில்லு. போகிற இடமெல்லாம் ஒரு கல் சில்லைப் பொறுக்கி வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாவும் மகளும் ஓடையில் இறங்கி, கல்லாகிப்போன பழங்காலச் சிப்பிகளைத் தேடுவார்கள். பாதுகாப்பு விதிகளை ஒப்பிக்காமல் அவளை அவன் வண்டியில் ஏற்றியதே இல்லை. தனியாகப் போகக்கூடாது. சரிந்த கரைக்கு அடியில் தோண்டக்கூடாது. தண்ணீர் கலங்கினால் எங்கோ மேலே மழை, போட்டது போட்டபடி கரையேற வேண்டும். அவள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள்.

அன்று அவள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, தண்ணி கலங்குது."

"இரு கண்ணு, இந்த ஒரு கல்லு மட்டும்."

இருபது வருடம் பேருந்து ஓட்டி, ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனிதன். அன்று மகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளம் அவனை வாளியோடு கரையில் ஒதுக்கியது. அவளை ஒதுக்கவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. "கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு, எங்க ரெண்டு பேருக்குமே தெரியல" என்று மனைவியிடம் சொன்னான். அந்தப் பொய்யைச் சொல்லி அவன் அழுதபோது, பெற்றவள்தான் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இப்போது மனைவி அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். மூன்று மணி வெயில் அவள் நிழலை வாளி வரைக்கும் நீட்டியது.

"எம் பொண்ணு பொறுக்கின கல்லுங்க. உடைச்சுப் பாருங்க."

முதல் கல் உளி பட்டதும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சிப்பி இல்லை. ஒரு சின்ன செருப்பின் அடித்தடம், உள்பக்கம் தேய்ந்த குதிகாலோடு. இரண்டாவதில் ஐந்து விரல்கள், சுண்டுவிரல் கோணல். மூன்றாவதில் ஒரு பின்னல், முடி முடியாக. மனிதக் காலடியே படாத காலத்தில் இறுகிய கல் அது. அவன் உளியைக் கீழே வைத்தான். மனைவியோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அடுத்தது" என்றாள்.

நான்காவதில் ஒன்றுமில்லை.

ஐந்தாவதை அவன் தொடவில்லை. எந்தக் கல்லுக்காக அவளை இருக்கச் சொன்னானோ, அந்தக் கல்.

"இது வேண்டாம்."

"முகத்த ஒரே ஒரு தடவ பாத்துக்கறேங்க. அதுக்கப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்."

உளியைக் கல்லில் வைத்தான். அடித்தான்.

சில்லு இருந்தாள். தூங்கும்போது இருப்பதுபோல, இமை மூடி, புருவத்துக்கு மேல் அம்மைத் தழும்போடு. மனைவி சத்தம் போட்டு அழவில்லை. புறங்கையால் அந்தக் கல் கன்னத்தைத் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு, "வாய் இப்பிடியா இருந்துச்சு?" என்றாள்.

கொஞ்சம் திறந்திருந்தது. அவன் கண் சிமிட்டினான். உதடுகள் ஒட்டியிருந்தன. மறுபடி சிமிட்டினான். அகலத் திறந்திருந்தன. சத்தம் இல்லை. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அப்பாங்கறா. ஏங்க, உங்களத்தான் கூப்பிடறா."

கல்லுக்குள் நாக்கின் நுனி மேல்பல்லைத் தொட்டது. மனைவி குனிந்து, அந்த உதடுகளில் விரலை வைத்து, தன் வாயையும் அதேபோல அசைத்துப் பார்த்தாள்.

"தண்... தண்ணி. தண்ணிங்கறா. அப்புறம் என்னமோ சொல்ல வர்றா."

அப்புறம் என்னவென்று அவனுக்குத் தெரியும். உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"போதும். எந்திரி."

"இருங்க. பிள்ளை சொல்லட்டும்."

வாய் திறந்தது.

"க..." என்றாள் மனைவி.

சுத்தியல் எப்போது கைக்கு வந்தது? தெரியவில்லை. எப்போது தலைக்கு மேல் போனது? தெரியவில்லை. மனைவி நிமிரவில்லை.

கல்லில் இமைகள் திறந்தன.

சில்லு அம்மாவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். ஓங்கிய சுத்தியலைப் பார்த்தாள்.

அப்பா சுத்தியலை ஓங்கினால், தூள் தெறித்துப் படாமல் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. மூடிக்கொண்டாள்.