எருமைத்தோல் உறை

வெயில் மண்டையைப் பிளக்கிற பன்னிரண்டு மணிக்கு அந்தக் காரைக் கயிறு கட்டிய இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. வத்தலக்குண்டு சாலைப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் சுருளிவேல், அதைப் பார்த்ததும் கலயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கார் அது. மற்ற கார்களைப் பின்சக்கரம் தள்ளும். இதை முன்சக்கரம் இழுக்கும். இழுக்கிற ஆக்சிலின் மூட்டில் கிரீஸை அடைத்து, தூசி படாமல் மேலே ஒரு உறை போடவேண்டும். அந்த ரப்பர் உறைக்குத் திண்டுக்கல்லில் எங்கே போவது? தோல்ஷாப்பில் எருமைத்தோல் வாங்கி சுருளிவேலே தைத்துப் போடுவார்.

இருபது நாளைக்கு முன்னால்தான் தைத்தார். மூட்டு தேய்ந்து லொடலொடத்தது. ஆக்சிலை மாற்றாமல் ஓட்டினால் ஆளைக் கொல்லும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கார் முதலாளி முத்துச்சாமி, ரெட்டியார்சத்திரத்தில் பெரிய தென்னந்தோப்புக்காரர், "அவசரமாக் கல்யாணத்துக்குப் போகணும்ப்பா. உறையை மட்டும் புதுசாப் போட்டு அனுப்பு" என்றார். சுருளிவேலும் போட்டுக் கொடுத்தார், வெட்கங்கெட்ட மனுசன். டிரைவர் அந்தோணிமுத்து, "அண்ணே, வளைவுல டக்கு டக்குங்குதே?" என்று கேட்டதற்கு, "அதான் புது உறை போட்டாச்சுல்ல, போடா" என்றும் சொன்னார்.

நாலாம் நாள் சிறுமலை அடிவாரத்து வளைவில் கார் பள்ளத்தில் பாய்ந்தது. அந்தோணிமுத்து அங்கேயே செத்தான். மூட்டு உறைக்குள்ளேயே உடைந்து கிடந்ததால் பார்த்தவன் கண்ணுக்கு எல்லாம் புத்தம்புதுசு. "கள்ளச்சாராயம் குடிச்சிட்டு ஓட்டுனான்" என்று சந்தையில் நின்று சொன்னார் முத்துச்சாமி. ஊரும் நம்பித் தொலைத்தது. அந்தோணிமுத்து வெற்றிலைகூடப் போடாதவன்!

இப்போது காரோடு வந்த முத்துச்சாமி புது ஆக்சிலைச் சாக்கோடு தரையில் போட்டார்.

"மாத்து. உள்ள என்ன கிடந்தாலும் வாயத் தெறக்காத. மாட்டுனா நீயுந்தான் மாட்டுவ."

பொணந்தின்னி என்று சுருளிவேல் மனசுக்குள் காறித் துப்பினார். முத்துச்சாமி சாப்பிடப் போய்விட்டார்.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் படுத்து, உறையின் தையலைக் கத்தியால் அறுத்தார். ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டிவிட்டுத் திரும்பினார்.

தையல் முழுசாக இருந்தது.

மறுபடி அறுத்தார். தோல் வெதுவெதுவென்று, உயிருள்ள மாட்டைத் தொட்டதுபோல் இருந்தது. கிரீஸ் வாடை வரவில்லை. பச்சை ரத்த வாடை குப்பென்று அடித்தது. இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தார். அறுந்த நூல் தானாக ஓட்டைக்குள் நுழைந்தது. கடைசியில் இரட்டை முடிச்சு விழுந்தது. அது அவர் போடுகிற முடிச்சு.

சாலையில் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணே."

காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"வளைவுல டக்கு டக்குங்குதுண்ணே."

"அந்தோணி..."

"புது உறை போட்டாச்சுல்ல?"

பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். ஜாக்கி ஒரு பல் இறங்கியது.

இன்னொரு பல்.

கார் அவர் நெஞ்சைத் தொட்டது.

"தெரிஞ்சேதான் போட்டேன்!" சுருளிவேல் அலறினார். "ஆக்சில் போச்சுன்னு தெரிஞ்சே மூடிக் குடுத்தேன்டா!"

தையல் படபடவென்று தெறித்தது. உடைந்த மூட்டு அவர் நெஞ்சில் விழுந்தது.

காருக்கடியிலிருந்து நெளிந்து வெளியே வந்து, அதை எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டிக்கு ஓடினார். அந்தோணிமுத்துவின் பெண்டாட்டி இன்னாசியம்மாள் வாசலில் இறங்கி நின்றிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இரும்பை அவள் காலடியில் வைத்தார்.

அவள் அழவில்லை. "பதினாறு நாளா என்னையக் குடிகாரன் பொண்டாட்டிங்குறாக. சந்தையில போட்ட பழியை எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்றீகளே, வெக்கமா இல்ல?"

"செத்த நேரம் உள்ள உக்காந்து பேசலாம் தாயி..."

கதவு அவர் முகத்துக்கு நேரே தானாக அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"உள்ள யாரும்மா?"

"யாரு இருக்கா? நான் ஒருத்திதான்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நெதமும் உச்சிக்கு இப்படித்தான். சந்தையில போயிச் சொல்லிட்டு வாங்க."

சுருளிவேல் நேரே சந்தைக்குப் போய், தராசு வைத்திருந்த திட்டில் ஏறி நின்று, உடைந்த இரும்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். உறை போட்டது, பொய் சொன்னது, முத்துச்சாமி வாயை அடைத்தது, ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு பேர் அவரை அறைந்தார்கள். பிறகு சந்தையே அவர் பின்னால் மேட்டுப்பட்டிக்கு நடந்தது. நேற்றுவரை ஏசிய பெண்கள் இன்னாசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"எல்லாருகிட்டயும் சொல்லிட்டாரு," என்றாள் அவள் கதவைப் பார்த்து. "ஊரே வந்திருக்கு. தெறங்க."

பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, நிதானமாக, பட்டறையில் கேட்ட அதே குரல் வந்தது.

"முதலாளி வரலையா?"