பிரஷ்ஷுக்குள் ஒளிந்த பாசி

அப்பா எனக்கு வைத்த செல்லப்பெயர் அவசரக்குடுக்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பெயரை நன்றாகவே காப்பாற்றினேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு பக்கம் பச்சைப் பாசி, இன்னொரு பக்கம் ஆரஞ்சுப் பாசி. அம்மாவுக்கோ பாசி ஆராய்ச்சிதான் வேலை. இரண்டையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போய், உள்ளே இருக்கும் மரபணு எழுத்துகளைப் படித்துவிட்டு வந்தாள்.

"மரத்துல இருக்கற பச்சைப் பாசியும் நம்ம சுவத்துப் பச்சைப் பாசியும் பாக்க ஒரே மாதிரிதான். ஆனா நெருங்கின சொந்தமே இல்ல! இதுக்குக் கூடப்பிறந்தது அந்த ஆரஞ்சுதான்!" என்று குதித்தாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை, கொடியில் காய்ந்த அம்மாவின் வெள்ளைத் துப்பட்டா சுவரில் உரசிப் பச்சையாகியிருந்தது. ஐயோ பாவம் அம்மா! புது பிரஷ் ஒன்றை எடுத்து, பச்சைப் பாசியைத் தேய் தேய் என்று தேய்த்தேன். சுவர் பளிச்சென்று ஆனது.

அம்மா சின்னக் கத்தியும் குப்பியுமாக வந்தாள். சுவரைப் பார்த்தாள். அப்படியே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆய்வகத் தலைவர் நம்பலடி. பச்சையோட ஆரஞ்சு கலந்துபோச்சுங்கறார். நாளைக்குப் புதுசா எடுத்துட்டு வரணும், இல்லன்னா இதையே விட்டுடலாம்னு சொல்லிட்டார்."

"வேற இடத்துல கிடைக்காதாம்மா?"

"ஊரெல்லாம் தேடிட்டேன் கண்ணு. போனா போகுது. நீ நல்லதுக்குத்தானே செஞ்ச."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மாவின் குரல் உடைந்ததைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரஷ்ஷை எங்காவது தூக்கி எறியலாம் என்று எடுத்தேன். அதன் நார்களுக்கு நடுவே பச்சைப்பசேல் என்று ஏதோ அப்பியிருந்தது.

"அம்மா! பாசி எங்கயும் போகல! இதோ இங்க இருக்கு!"

அம்மா துள்ளி எழுந்தாள். "சோப்பு போட்டியா?"

"தீந்துபோச்சு. வெறும் தண்ணிதான்."

"இதாலயே ஆரஞ்சையும் தேய்ச்சியா?"

"அதுக்குள்ள கை வலிச்சிடுச்சும்மா."

"என் தங்கமே!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிரஷ் முழுப் பாதுகாப்புடன் ஆய்வகத்துக்குப் போனது.

பதினைந்து நாள் கழித்துத் தலைவரே போன் செய்தார். "நீங்க சொன்னதுதாம்மா சரி. ரெண்டும் கூடப்பிறந்ததுதான்!"

"இனிமே எதைத் தேய்க்கறதுக்கு முன்னாலயும் ஒரு வார்த்தை கேட்டுடு தாயே" என்று அப்பா கும்பிட்டார்.

அம்மா சிரித்தபடி தன் ஆய்வுக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'பிரஷ்' என்று இருந்தது. 'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தில், அம்மாவின் அழகான கையெழுத்தில், 'அவசரக்குடுக்கை' என்று இருந்தது.