கனகவேலுக்கு ஏது ஆடு?

"ஐயோ… கனகவேலைக் கொன்னுட்டாங்களே!"

பேச்சியம்மாள் போட்ட கூச்சலில் உலு திராம் ரப்பர் தோட்டத்துக் கொட்டகையே அதிர்ந்தது.

கொலைகாரர் மேடையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்!

பெயர் ஜெயபாலன். 'இன்ஸ்பெக்டர் கனகவேல்' என்ற தொடர்கதையை வாரப் பத்திரிகையில் எழுதி வந்தவர். 1934-ல் ஜோகூரிலேயே அவ்வளவு தலைக்கனம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. 'வாசகர்களோடு பேச வாங்க' என்று தோட்டத்தார் கூப்பிட்டதும் ஜோகூர் பாருவில் பஸ் ஏறிவிட்டார்.

வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"அடுத்த வாரம் கனகவேல் சாகிறார்" என்று உளறிவிட்டார்!

கங்காணி அய்யாவு எழுந்தார். மரம் சீவி முடித்து நேரே வந்த கூட்டம். எல்லார் கையிலும் கத்தி…

"ஏன் சார் கொன்னீங்க?"

"கதைன்னா ஒரு திருப்பம் வேணும்ல? அதுதான் தொழில் ரகசியம்!"

"அவரு பொண்டாட்டி என்ன ஆவா?"

"பொண்டாட்டியா? அவர் பிரம்மச்சாரிய்யா!"

"அலமாக்! வெள்ளையம்மாவ மறந்துட்டாரு!" என்று அலறினாள் பேச்சியம்மாள். "கெலாங் பாத்தா ஆத்துல முதலை வாயிலேர்ந்து இழுத்துட்டு வந்து தாலி கட்டுனாரே!"

"அந்த ஆடு? திருடன மோப்பம் புடிக்குமே, அதுக்கு இனிமே யாரு தழை போடுவா?"

ஜெயபாலனுக்குப் புரையேறியது.

ஆடா? அவர் கதையில் ஒரு கோழிகூடக் கிடையாது!

"கனகவேலுக்கு உயிர் வர்ற வரைக்கும் நீங்க பஸ் ஏற முடியாது லா" என்றார் அய்யாவு.

ஜெயபாலன் தப்பிக்க வழி தேடினார். அப்போதுதான் மூலையில் நின்ற இளம்பெண் ராஜம்மா கண்ணில் பட்டாள். கையில் பத்திரிகை. தோட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். பத்திரிகை வந்த அன்றைக்கு எல்லாரும் கோயில் முன்னால் கூடுவார்கள், ராஜம்மா உரக்க வாசிப்பாள். வந்ததுமே ஜெயபாலனிடம் இதைச் சொல்லியிருந்தார்கள்.

அவள் 'காட்டிக் கொடுத்துடாதீங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அடிப்பாவி… வாசிக்கிற சாக்கில் இவள் சொந்தச் சரக்கை விற்றிருக்கிறாள்!

பயம் ஒரு பக்கம். பொறாமை மறுபக்கம். ஜெயபாலன் காட்டிக் கொடுத்தே விட்டார்.

"நான் ஆடே எழுதலை! எல்லாம் இந்தப் பொண்ணு விட்ட கதை!"



கொட்டகையில் சிரிப்பு வெடித்தது!

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும் சார்" என்றார் மளிகைக்கடை சதாசிவம். படிக்கத் தெரிந்த இன்னொருவர் அவர்தான். "மொத வாரம் நீங்க எழுதுனத அப்படியே வாசிச்சா. எல்லாரும் தூங்கிட்டாங்க."

ராஜம்மா வாயைப் பிளந்தாள். "தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"பின்ன? ஆடு வந்த பொறவுதான் கதை சூடு புடிச்சுது!"

"அப்புறம் எதுக்குய்யா என்னைக் கூப்பிட்டீங்க?" ஜெயபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அய்யாவு பெருமூச்சு விட்டார். "ராஜம்மாவுக்குக் கல்யாணம். பொந்தியானுக்குப் போறா. இனிமே சதாசிவந்தான் வாசிப்பாரு. அச்சுல உள்ளத ஒரு எழுத்து மாத்த மாட்டாரு. நீங்க கொன்னா கனகவேல் நெசமாவே செத்துருவாரு சார்! சரி, நீங்களே நல்லா கதை விடுவீங்களான்னு சோதிச்சுப் பாத்தோம். ஆடு எங்கன்னு கேட்டா சட்டுனு ஒரு பொய் சொல்ல வரல. நீங்கல்லாம் என்ன கதாசிரியரு!"

ஜெயபாலனின் தலைக்கனம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு பேனாவை எடுத்தார்.

"கனகவேல் சாகலை. ஆடு வந்து காப்பாத்திடுது. போதுமா?"

கொட்டகை கூரை பறக்கக் கைதட்டல்! கத்திகள் இடுப்புக்குப் போயின.

"ராஜம்மா, அந்த ஆட்டுக்குப் பேர் வச்சியா?"

ராஜம்மா நெளிந்தாள். கூட்டம் வேறு பக்கம் பார்த்தது.

"வச்சேன் சார். நீங்க வந்திருக்கீங்கன்னு மரியாதைக்குத்தான் யாரும் பேரச் சொல்லல…"

"அட, சொல்லும்மா!"

"ஜெயபாலன்!"